காலைப் பிடித்தது சனியா, பீடியா?

இராயபுரம் முதல் எண்ணூர் வரை உடல் உழைத்துப் பிழைக்கும் மக்களில் ஐம்பது வயது தாண்டிய சிலர், நூறு அடி நடப்பதற்குள் புட்டத்திலும் தொடையிலும் வலி கண்டு நின்று விடுகிறார்கள். சற்று நின்றால் வலி போய்விடுகிறது; நடந்தால் மறுபடி வருகிறது. இதற்குச் சோதிடன் சொல்லும் காரணம் ஏழரை நாட்டுச் சனி. மந்திரவாதி சொல்லுவது செய்வினை. வீட்டார் சொல்லுவது வாயு.

அந்தச் சனி, அவர்கள் புராணப்படியே நொண்டி! தன் காலை நேராக்கிக் கொள்ள வகையற்றவன், எள் விளக்கு ஏற்றினால் நம் காலை நேராக்குவானாம்!

உண்மைச் சங்கதி என்னவென்றால், இருதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக் குழாய் தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து, அடிவயிற்று உறுப்புகளுக்கும் கால்களுக்கும் இரத்தம் கொடுக்கிறது. அக்கிளையில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகினால், சும்மா நிற்கிற காலுக்குப் போதுகிற இரத்தம் நடக்கிற காலுக்குப் போதுவதில்லை. குழாயைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி பீடி, சிகரெட்டு. அடுத்தது சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும்.

இதே அடைப்பால் ஆண்மையும் குன்றும் என்பதை லெரிஷ் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1923-லேயே எழுதினார். நம்மவரோ வெளியே சொல்ல வெட்கப்பட்டு, சுவர் விளம்பரம் பார்த்து, லாட்ஜில் முகாம் போடும் லேகியக்காரனிடம் இரகசியமாய்ப் பணத்தைக் கொட்டுகிறார்கள். குழாய் அடைத்தவனுக்கு லேகியம் என்ன செய்யும்?

அமெரிக்காவில் டாட்டர் என்ற வைத்தியர் 1963-இல், படமெடுப்பதற்காக உள்ளே செலுத்திய டியூப் அடைபட்டிருந்த இடுப்புக் குழாயைத் திறந்துகொண்டு போனதைக் கண்டார். மறு வருஷம் ஜனவரி 16-இல், காலை வெட்டச் சம்மதியாத 82 வயதுக் கிழவியின் கால் குழாயை அவ்விதமே திறந்தார். அந்த அம்மாள் சாகும்வரை தன் காலாலேயே நடந்தார். சக வைத்தியர்கள் பைத்தியம் என்று பரிகசித்தார்கள். அவரோ ஏட்டுச் சுவடியைக் காட்டவில்லை, நடந்த காலைக் காட்டினார். 1974-இல் சூரிச்சில் குருண்ட்சிக் என்பவர் பலூனைப் புகுத்தினார்.

இன்று வயிற்றைக் கிழிக்காமல், தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே மெல்லிய கம்பியை விட்டு, பலூனால் வழியை அகட்டி, ஸ்டெண்ட் என்ற வலைக் குழலை நிறுத்துகிறார்கள். நோயாளி பேசிக்கொண்டே படுத்திருக்கலாம்.

வைத்தியரையும் கடவுளாக்கிக் கும்பிட வேண்டாம். நோய் இலேசாயிருந்தால் மருந்தும், பீடியை விடுவதும், தினம் நடப்பதுமே போதலாம். நீண்ட அடைப்புக்கு வயிற்றைத் திறந்து மாற்றுக் குழாய் வைக்கவும் நேரும். ஸ்டெண்ட் வைத்துக்கொண்டு வாசலிலேயே பீடி பற்றவைத்தால் அதுவும் அடைபடக்கூடும்.

நம் பெரியோர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றழைத்த ஸ்டான்லியிலும், சென்ட்ரல் எதிரிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியிலும் இரத்தக் குழாய் வைத்தியத்துக்குத் தனித் துறையே இருக்கிறது. முதல் சோதனை சுலபம்: கையின் அழுத்தம் 100 என்றால் கணுக்காலில் 90-க்குக் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இராத்திரியில் படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலும், விரல் கறுத்தாலும், கால் திடீரென்று சில்லிட்டாலும் அந்த நிமிஷமே புறப்பட வேண்டும். இராகு காலம் போகட்டும் என்று காத்திருந்தால் விரலோடு நிற்காது.