எட்டுப் பேர் ஆடும் சதுர ஆட்டம்

நம் பெண்கள் கும்மியடித்தால் வட்டமாக நின்றுதான் அடிப்பார்கள். சதுரமாக நின்று ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்கக் கிராமத்து மக்கள் ஆடிப் பழகிய ‘ஸ்குவேர் டான்ஸ்’ அப்படிப்பட்டது. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் உடற்கல்வி வகுப்பில் எங்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்தார்கள். முதல் நாள் பாதிப் பேருக்கு வலக்கை எது, இடக்கை எது என்பதே மறந்து போயிற்று!

எட்டுப் புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்துப் பாருங்கள், சுலபமாக விளங்கும். சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு ஜோடி; எல்லாரும் நடுவைப் பார்த்து நிற்க வேண்டும். ஆணுக்கு வலப்பக்கம் அவனுடைய ஜோடிப் பெண். இடப்பக்கம் நிற்பவள் அடுத்த ஜோடிக்காரி, அவளை ‘கார்னர்’ என்பார்கள். ‘அலமாண்ட் லெஃப்ட்’ என்று குரல் வந்தால் கார்னரோடு இடக்கை கோத்து ஒரு சுற்று. ‘டோ-சி-டோ’ என்றால் எதிரில் நிற்பவரை வலத்தோள் பக்கமாகக் கடந்து, முதுகுக்கு முதுகாக நகர்ந்து, உடம்பைத் திருப்பாமலே பின்னடி வைத்துப் பழைய இடத்துக்கு வருவது. முதுகோடு முதுகு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்தான் இப்படி மருவிவிட்டது.

குரல் கொடுப்பவரை ‘காலர்’ என்பார்கள். அடுத்து என்ன சொல்வார் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. கோலாட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடே அதுதான். காலை விடக் காது கூர்மையாக இருக்க வேண்டும். ஒருவர் தவறினால் எட்டுப் பேரும் சிக்கிக்கொள்வார்கள். சிரித்துவிட்டு, பழைய இடத்தில் நின்று, மறுபடி சேர்ந்துகொள்வார்கள். குதிக்க வேண்டியதில்லை, தாளத்துக்கு நடந்தால் போதும். அதனால் தாத்தா பாட்டிகளும் ஆடுகிறார்கள். எனக்கு இதில் பிடித்தது, கணவனும் மனைவியும் சேர்ந்து வருகிற பொழுதுபோக்கு என்பது. நம் பக்கத்தில் ஆண்களுக்கு ஒரு பொழுதுபோக்கு, பெண்களுக்கு வேறு என்றுதானே பெரும்பாலும் இருக்கிறது?

இதன் வேர் ஐரோப்பாவில். இங்கிலாந்தில் 1651-இல் ஜான் பிளேஃபோர்டு கிராமிய ஆட்டங்களைத் தொகுத்துப் புத்தகமாக அச்சிட்டார். பிரான்சின் ‘குவாட்ரில்’ ஆட்டத்தில் நான்கு ஜோடிகள் சதுரமாக நின்றார்கள். இவை அமெரிக்காவில் கலந்தன. அங்கே தென்பகுதியில் அடிமைகளாக இருந்த கறுப்பின இசைக்காரர்கள், பிடில் வாசித்தபடியே அடுத்த அசைவைக் கூவிச் சொன்னார்கள். காலர் வழக்கம் வளர்ந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு.

கார் முதலாளி ஹென்றி ஃபோர்டுக்கு ஜாஸ் இசை பிடிக்காது. அந்த வெறுப்பில் இன வெறுப்பும் கலந்திருந்தது. பழைய ஆட்டங்களை மீட்கிறேன் என்று ஆசிரியரை அமர்த்தி, 1926-இல் புத்தகமும் வெளியிட்டார். கறுப்பினத்தாரின் கைவண்ணம் அதிலும் இருந்தது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ!

இனிமேல்தான் நம் கதை. 1928-இல் ஃபோர்டு, பிரேசிலில் தப்பாஜோஸ் நதிக்கரையில் ‘ஃபோர்டுலாந்தியா’ என்னும் ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். 1876-இல் ஹென்றி விக்ஹாம் ரப்பர் விதை பொறுக்கியதும் அதே நதிப் பக்கம்தான். அந்த விதைகளில் முளைத்த 22 கன்றுகள் மறுவருடம் சிங்கப்பூர் வந்தன. ஆக, நாம் சீவிய பால்மரத்துக்கும் அதுவே தாய்வீடு.

அந்தத் தோட்டத்தில் சாராயம் கூடாது, அமெரிக்கச் சாப்பாடு, பொழுதுபோக்குக்குச் சதுர ஆட்டம். விடியுமுன் மரத்தடிக்குப் போய்ப் பழகியவர்களை, சங்கு ஊதி நேரம் குறித்து உச்சிவெயிலில் வேலை வாங்கினார்கள். 1930 டிசம்பரில் சாப்பாட்டுக் கூடத்தில் கலகம் வெடித்தது. நேரம் பதியும் கடிகாரங்களை உடைத்தார்கள். மேலாளர்கள் படகேறி ஓடினார்கள். நெருக்கி நட்ட மரங்களை இலைக்கருகல் நோய் தின்றது. 1945-இல் ஃபோர்டு கம்பெனி எல்லாவற்றையும் பிரேசில் அரசுக்கே விற்றுவிட்டது.

ஆட்டத்தின் மேல் குற்றமில்லை. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் சங்கம் வைத்து ஆசையாக ஆடுகிறார்கள். குரல் மட்டும் எங்கும் ஆங்கிலத்தில்தான். புதியவர்களுக்குத் துணையாகப் பழகியவர்கள் சதுரத்தில் வந்து நிற்பார்களாம். அவர்களை ‘ஏஞ்சல்’, அதாவது தேவதை, என்கிறார்கள்.

எட்டுப் பேர் சேர்ந்தால் பள்ளிக்குச் சொல்லியனுப்புங்கள். கூவுவதற்கு நான் இருக்கிறேன். வலது இடது மட்டும் வீட்டிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.