போர்டுக்கு ஒரு நம்பர், ஓட்டைக்கு அதே நம்பர்!

நம்ம லேப்ல ஒரே கம்ப்யூட்டர்ல மூணு ஆர்டுவினோ போர்டு மாட்டுறோம். நேத்து காம் 3-ல வேலை செஞ்சது இன்னைக்கு காம் 7-ல வருது. உடனே "போர்டு போச்சு சார்!" போர்டு போகவில்லை, நம்பர்தான் மாறியிருக்கிறது.

யூ.எஸ்.பி. சிப்புக்குள் தனி வரிசை எண் இருந்தால், எந்த ஓட்டையில் செருகினாலும் விண்டோஸ் அதே காம் நம்பரைக் கொடுக்கும். நம்ம விலை குறைந்த போர்டுகளில் இருப்பது சி.எச். 340 சிப். அதில் பொதுவாக வரிசை எண் கிடையாது. அதனால் செருகிய ஓட்டையை வைத்துத்தான் விண்டோஸ் அடையாளம் கண்டுபிடிக்கும். ஓட்டை மாறினா நம்பரும் மாறும். லினக்ஸில் செருகுகிற வரிசைப்படி 0, 1, 2 என்று வரும். யார் முந்துறாங்களோ அவங்கதான் பூஜ்யம்!

இது சின்ன விஷயம் இல்லை. நம்பரைப் பார்க்காமல் அப்லோட் அழுத்தினால், ஒன்பதாம் வகுப்பு செட் ஒரு வாரமா எழுதி ஏற்றின மோட்டார் புரோகிராம் அழிந்து, நம்ம ஈரப்பத புரோகிராம் அதில் உட்கார்ந்துகொள்ளும். கண்காட்சி அன்னைக்கு அப்படி நடந்தா?

சிலர் வேற சிப் உள்ள புது போர்டு வாங்கலாம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் வீண் செலவு. போர்டிலும் ஓட்டையிலும் ஒரே நம்பரை ஒட்டுவோம். 2-ஆம் போர்டு 2-ஆம் ஓட்டையில் மட்டும். டீச்சர் சம்மதிச்சா ஸ்டிக்கர் நானே எழுதித் தர்றேன். என் கையெழுத்து சுமார்தான், ஆனா மூணு நம்பர்தானே!