ஜெனரேட்டர் வீட்டில், ஆபத்து கம்பத்தில்!

கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்க இருட்டு. ஒரே ஒரு வீட்டில் மட்டும் பளிச்சென்று விளக்கு எரிகிறது. வாசலில் ஜெனரேட்டர் தடதடவென்று ஓடுகிறது.

"பரவாயில்லையே, கெட்டிக்கார மனுஷன்!" என்று அக்கம்பக்கத்தார் மூக்கில் விரல் வைக்கிறார்கள்.

அந்தக் கெட்டிக்காரத்தனம், நாலு வீடு தள்ளிக் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனின் உயிரைக் குடித்துவிடக்கூடும். இது அந்த வீட்டுக்காரருக்கும் தெரியாது. பாராட்டுகிறவருக்கும் தெரியாது.

சென்னைவாசிகள் சொந்தமாகக் கரண்ட் தேடுவதில் தப்பு இல்லை. 2012-ல் சென்னையில் தினம் 2 மணி நேரம் மின்வெட்டு. வெளியூர்களில் 10 மணி நேரத்துக்கும் மேல்! 2015 டிசம்பரில் வெள்ளம், 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று வரிசையாக வந்தன. அப்போதெல்லாம் பல பகுதிகளில் நாள்கணக்கில் விளக்கு எரியவில்லை. மோட்டார் ஓடவில்லை. மாடியில் இருக்கும் முதியவர்களுக்குக் குடம் தண்ணீர் தூக்க ஆள் இல்லை.

பட்டவர்கள் அடுத்த மழைக்குள் எதையாவது வாங்கி வைக்கத்தான் செய்வார்கள். எதை வாங்குவது, அதை எப்படி இணைப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

எதற்கு எது?

விளக்கும் பேனும் ஓடினால் போதும் என்பவர்களுக்கு இன்வெர்ட்டரே சரி. 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி ஒன்றில் கணக்குப்படி 1,800 வாட் மணி மின்சாரம் இருக்கும். 75 வாட் பேன் மூன்று, 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் நான்கு என்றால் மொத்தம் 305 வாட். சேதாரம் போகச் சுமார் 4 மணி நேரம் தாங்கும். பேட்டரி பழசாகிவிட்டால் அதுவும் கிடையாது.

தண்ணீர் மோட்டார் ஓட வேண்டும் என்றால் கதை வேறு. 1 குதிரைத்திறன் என்பது 746 வாட்தானே என்று கணக்குப் போடக்கூடாது. மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல 5, 6 மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் அங்கேயே படுத்துவிடும். அதற்கு ஜெனரேட்டர்தான் வேண்டும். அதையும் மோட்டார் கிளம்பும்போது ஆகும் பளுவைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, ஷட்டர் போட்ட கார் ஷெட்டுக்குள்ளோ வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இரண்டு பக்கமும் பிளக்!

இனிதான் விஷயமே இருக்கிறது.

ஜெனரேட்டர் வந்து இறங்கியாயிற்று. வீட்டு வயரிங்கோடு எப்படிச் சேர்ப்பது? "இதுக்கு எதுக்கு சார் தனி சுவிட்சு? அனாவசிய செலவு!" என்கிறார் கூட வந்த ஆள். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய வயர் ஒன்றை எடுக்கிறார். ஒரு முனையை ஜெனரேட்டரில் சொருகுகிறார். மறுமுனையைச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் சொருகுகிறார். வீடு முழுக்க விளக்கு எரிகிறது! காபி கொடுத்து அனுப்புகிறார்கள்.

மெயின் சுவிட்ச் இறக்கப்படாமல் இருந்தால் என்ன ஆகும்? அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாக சர்வீஸ் வயருக்குப் போகும். அங்கிருந்து கம்பத்துக்கு, கம்பத்திலிருந்து டிரான்ஸ்பார்மருக்கு.

11 ஆயிரம் வோல்ட்டை இறக்கி வீட்டுக்கு 230 வோல்ட்டாகத் தருவது டிரான்ஸ்பார்மர். அது ஒருவழிப் பாதை அல்ல. வீட்டுப் பக்கமிருந்து 230 வோல்ட்டைத் தள்ளினால், மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறிவிடும்.

தெருவில் எல்லா வீடும் லைனில் சேர்ந்திருந்தால் சின்ன ஜெனரேட்டர் பாரம் தாங்காமல் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால், புயல் நாளில் நிலைமை அப்படியா இருக்கிறது? எங்கோ வயர் அறுந்திருக்கும். எங்கோ பீஸ் பிடுங்கியிருப்பார்கள். தனியாக நிற்கும் ஒரு துண்டு லைனில் அந்த ஒரு வீட்டுக் கரண்ட் உட்கார்ந்திருக்கும். அதில்தான் லைன்மேன் கை வைக்கிறார். ஆயிரம் வோல்ட் வேண்டாம், 230 வோல்ட்டே ஆளைக் கொல்லப் போதும்.

"லைன்மேன் சோதித்துப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும்தான். லைனில் கரண்ட் இருக்கிறதா என்று பார்த்து, எர்த் ராடு மாட்டிய பிறகே கை வைக்க வேண்டும் என்பதுதான் முறை. அதை அதிகாரிகள் கண்டிப்பாக அமல்படுத்த வேண்டும். ஆனால், கொட்டும் மழையில், முழங்கால் தண்ணீரில், மூன்று நாள் தூக்கம் இல்லாமல் நிற்கிறவர் அவர். சுற்றி நின்று "எப்பய்யா கரண்ட் வரும்?" என்று கத்துகிற கூட்டம் வேறு. அவர் ஒரு தடவை அசந்தால் உயிர் போகும் என்ற நிலைமையை வைத்தது யார்?

"நாங்க மெயினை இறக்கிட்டுத்தான் போடுவோம்" என்பார்கள் சிலர். பத்து நாள் ஞாபகமாக இறக்குவார்கள். பதினோராவது நாள் வீட்டில் இல்லாதபோது மகன் போடுவான். ஞாபக சக்தியை நம்பி அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்கலாமா?

போகட்டும், தன் வீட்டையாவது நினைக்க வேண்டாமா? ஜெனரேட்டர் ஓடும்போதே ஈ.பி. கரண்ட் திரும்பி வந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஜெனரேட்டர் புகைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தால் அதன் முள்ளிலேயே கரண்ட் இருக்கும். குழந்தை தொட்டால் என்ன கதி?

சோலாருக்கு இருக்கும் புத்தி

மொட்டை மாடியில் சோலார் பலகை வைப்பவர்கள் இப்போது அதிகம். 2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. வைத்தவர்களில் பலருக்கு ஒரு ஏமாற்றம். நல்ல வெயில் காய்கிறது, ஆனால் ஈ.பி. கரண்ட் போனதும் சோலாரும் நின்றுவிடுகிறது! "ஏமாத்திட்டாங்க" என்று கம்பெனிக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

யாரும் ஏமாற்றவில்லை. பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு சேர்த்த சோலார், லைன் செத்ததும் தானாக நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. கம்பத்தில் இருக்கும் ஆள் சாகக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. மின்வெட்டுக்காகவே சோலார் வைப்பவர்கள் பேட்டரியோடு கூடியதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டருக்குள்ளும் லைனை மாற்றிவிடும் ரிலே உண்டு. வாடகைக்கு வந்து இறங்கும் ஜெனரேட்டருக்கு மட்டும் அந்தப் புத்தி கிடையாது. அதை மனிதர்தான் மாட்டிவிட வேண்டும்.

அதன் பெயர் சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் ஈ.பி., நடுவில் ஆப், மறுபக்கம் ஜெனரேட்டர். ஒன்றை விட்டால்தான் இன்னொன்றைத் தொடும். நினைத்தாலும் இரண்டையும் சேர்க்க முடியாது. பேஸ் மட்டுமல்ல, நியூட்ரலும் சேர்ந்து மாறுகிற மாதிரி, லைசென்சு உள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்ட வேண்டும். ஜெனரேட்டர் விலையோடு பார்த்தால் இந்தச் செலவு கொசுறுதான்.

செய்ய வேண்டியது என்ன?

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாத வீட்டுக்கு ஜெனரேட்டர் வாடகைக்குத் தருவதில்லை என்று கடைக்காரர்கள் உறுதியாக இருக்க வேண்டும். அடுக்குமாடி சங்கத்தார் மழைக்கு முன் ஒரு கூட்டம் போட்டு, தங்கள் கட்டிடத்தில் இது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரீடிங் எடுக்க வரும் ஊழியர் வீட்டில் ஜெனரேட்டர் இருப்பதைப் பார்த்தால் குறித்துக்கொண்டு போகட்டும். எந்தெந்த வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்ற பட்டியல் அந்தந்தப் பகுதி அலுவலகத்தில் இருந்தால், கம்பத்தில் ஏறுமுன் லைன்மேன் அந்த வீட்டுக் கதவைத் தட்டலாமே!

பொதுமக்களும் ஒன்று செய்யலாம். தெருவே இருட்டாக இருக்கும்போது ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தால் பாராட்டிவிட்டுப் போகாமல், "சேஞ்ச் ஓவர் போட்டிருக்கீங்களா?" என்று கேட்கட்டும். லைனில் சந்தேகம் என்றால் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லலாம்.

ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள். ஒரு வயரில் இரண்டு கரண்டும் அப்படித்தான். அடுத்த மழை வருவதற்குள் அந்த இரட்டைப் பிளக் வயர் எல்லா வீட்டிலிருந்தும் குப்பைக்குப் போக வேண்டும். லைன்மேனுக்கும் வீட்டில் பெண்டாட்டி, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.