குடித்த தண்ணீர் எங்கே போகும்?



வண்டி ஓட்டுபவர்களின் முதுகுவலி பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று எழுதியவர், குடித்தபின் எங்கே ஒதுங்குவது என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

பன்னிரண்டு வருடமாக ஓசூர் சாலையிலும் வெளிவட்டச் சாலையிலும் கால்டாக்ஸி ஓட்டுகிறேன். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்தே சாயங்காலத்துக்குள் இடது முழங்கால் மரத்துவிடும். இடுப்புக்குச் சுருட்டி வைத்த துண்டுதான் மெத்தை. ஒதுங்க இடமில்லாததால் காலை டீயோடு நிறுத்திக்கொள்வேன். போன கோடையில் சிறுநீரகக் கல்லே வந்துவிட்டது.

2025 வரை அமலில் இருந்த 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்றது. சொந்த வண்டியில் ஆப்பை நம்பி ஓடுகிறவனுக்கு அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

மெட்ரோ நிலையங்களை ஒட்டியும் ஐ.டி. பூங்கா வாசல்களிலும் பத்து வண்டி நிற்க நிழலும், இரவிலும் திறந்திருக்கும் ஒரு கழிப்பறையும் மாநகர நிர்வாகம் அமைத்துத் தரலாம். கட்டணம் வைத்தாலும் கொடுக்கிறோம்.

ஒரு கால்டாக்ஸி ஓட்டுநர்,
பொம்மனஹள்ளி, பெங்களூரு.