பேரமும் வாய்மையும்



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களில் திருமணப் புகைப்படத் தொழிலை மேற்கொண்டுள்ள இளைஞர் பலர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் பறவைகளையும் சாம்பல் நிற அணில்களையும் படம் பிடிக்க விழைவோரும் உளர். இவர்கள் நாடும் உயர்தரக் காமிராவும் லென்சும் சேர்ந்தால் இரண்டு, மூன்று லட்சம் ரூபாயாகிறது. அந்தத் தொகையில் ஒரு பகுதி, பெரும்பாலும் தாயின் நகை அடகுக்குப் போய் வந்த பணமே. ஆகவே இதில் விலை பேசும் முறை ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தொடும் காரியமாகும்.

நம் ஊர்களில் இருவகை வணிகம் உண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாங்குகிறவர் கிலோ விலையைக் கேட்டுப் பணத்தைக் கொடுத்துச் செல்கிறார், பேரம் இல்லை. மாட்டுச் சந்தையிலோ, தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, விரலைத் தொட்டு விலை பேசுவர். பக்கத்தில் நிற்பவருக்கும் விலை தெரியாது. காமிராவோ பால்கோவாவைப்போல் விலை அச்சிட்ட பெட்டியில் வருகிறது. ஆயினும் பல வேளைகளில் துண்டுக்கடியில்தான் விற்கப்படுகிறது. கேட்கிற ஆளைப் பார்த்து விலை மாறுகிறது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. பர்மாவிலிருந்து திரும்பியோரின் மறுவாழ்வுக்காக 1969இல் சென்னையில் பர்மா பஜார் தோன்றியது. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடும் பெரும் வரியும் இருந்த அக்காலத்தில், வெளிநாட்டுக் காமிராவைத் தேடுவோர் அங்கே சென்றனர். இரசீது இல்லை, உத்தரவாதம் இல்லை, பேச்சுத் திறமையே விலையாயிற்று. 1991க்குப் பின் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. ஆனால் 'பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்' என்னும் சொல் மட்டும் நம்மை விட்டு அகலவில்லை.

அச்சொல்லின் பொருளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2019 சனவரி முதல் டிஜிட்டல் காமிராவுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. 2,36,000 ரூபாய் விலையில் 36,000 ரூபாய் வரியாகும். பில் இன்றி வாங்கினால் அத்தொகையில் ஒரு பங்கு நமக்கு மிச்சமாவதுபோல் தோன்றும். உண்மையில் அது பொதுப்பணம். மேலும், பழுது வந்தால் வாங்கியதற்குச் சான்று இல்லை. வரிப் பதிவு பெற்ற புகைப்படக்காரர் இந்த வரியைத் தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உரிமையையும் இழக்கிறார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பது முறையற்ற வணிகச் செயலாகும்.

பெட்டிமேல் அச்சிட்ட விலையையும் சரியாக அறிய வேண்டும். அது உயர்ந்தபட்ச விலை. எல்லா வரிகளும் அதில் அடக்கம். அதற்குமேல் ஒரு காசு கேட்பதும் குற்றம். குறைத்து விற்பதற்குத் தடையில்லை. ஆனால் அந்த எல்லையை வகுப்பவர் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோதான். எனவே அதில் 20 விழுக்காடு தள்ளுபடி என்றவுடன் மலிவு என்று மகிழ வேண்டா. இரண்டு மூன்று கடைகளில் பில்லோடு கூடிய முழு விலையைக் கேட்டு ஒப்பிடுவதே அறிவுடைமை. பேட்டரி, சார்ஜர் ஆகியவை அவ்விலையில் சேருமா என்றும் கேளுங்கள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பெட்டியில் இல்லையேல், இந்திய உத்தரவாதம் உண்டா என்று எழுத்தில் பெறுங்கள்.

பழைய காமிரா வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் புனித தோமாஸ் அக்குவினார் 13ஆம் நூற்றாண்டிலேயே வழி காட்டியுள்ளார். ஒற்றைக் கண் குதிரையின் குறை எல்லாருக்கும் தெரியும். விலையைக் குறைத்தால் போதும், சொல்லிக்காட்ட வேண்டுவதில்லை. மறைந்த குறையையோ, கேட்டினை விளைவிக்குமாயின், விற்பவர் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார் அவர். லென்சுக்குள் படர்ந்த பூஞ்சையும், லட்சத்தைத் தாண்டிய ஷட்டர் எண்ணிக்கையும் மறைந்த குறைகளே அன்றோ?

வாங்குவோர் குற்றமற்றவர் என்று எண்ணிவிடலாகாது. பொருளை மோசம் என்று இகழ்ந்து வாங்கி, வெளியே போய்ப் பெருமை பேசுகிறவனை நீதிமொழிகள் நூலின் 20ஆம் அதிகாரம் காட்டுகிறது. அடுத்த கடையில் சொல்லாத விலையைச் சொன்னதாகக் கூறுவது பேரமன்று, பொய். மாறாக, தொடக்க நூல் 23ஆம் அதிகாரத்தில், ஊர் வாயிலில் பலரும் கேட்க விலை பேசப்படுகிறது. ஆபிரகாம் 400 வெள்ளிக் காசை நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையைப் பெறுகிறார். யாவரும் கேட்கப் பேசிய விலை என்பதால் பின்னர் வழக்குக்கு இடமில்லை.

இறுதியாக ஒரு வினா. நகைக்கடையில் சேதாரம், செய்கூலி என்று போடும் தொகையை வாய் திறவாமல் கட்டிவிட்டு வருகிறோம். அதே திருமணத்துக்குப் படம் எடுக்க வந்த இளைஞரிடமோ, பேசிய கூலியில் ஆயிரம் இரண்டாயிரத்தை ஆல்பம் கைக்கு வந்தபின் குறைக்கிறோம். அவர் அடகிலிருந்து மீட்க வேண்டிய நகையும் ஒரு தாயினுடையதே. முன்னதாகவே தொகையைப் பேசுங்கள், எத்தனை படம், எத்தனை ஆல்பம் என்று தாளில் எழுதுங்கள், பேசியபடி கொடுங்கள்.

கடைக்காரர் ஏமாற்றினால் வாளாவிருக்க வேண்டா. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். சென்னையில் வாங்கியவரும் தாம் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

பேரம் பேசுவது பாவமன்று. இருவரும் உண்மையைச் சொல்லி, இருவரும் மனநிறைவோடு பிரிவரேல், அது நல்ல வணிகம்.