கூலிக்கு வந்த வழித்துணை

பிரயாணத்தில் ஒருவருக்குத் துணையாகச் சென்று, அதற்கெனச் சம்பளமும் பெறுகின்றவரை எந்தப் பெயரால் அழைப்பது? தமிழில் தோழன் உண்டு, பாங்கன் உண்டு, ஏவலாளன் உண்டு. விரிஞ்சிபுரத்து இறைவனுக்கு வழித்துணைநாதர் என்பதே திருநாமம். ஆயினும், பெட்டியைச் சுமக்கவும் வேண்டும், பேச்சுக்கு ஈடுகொடுக்கவும் வேண்டும், மேசையில் உடனிருந்து உண்ணவும் வேண்டும், மாத முடிவில் கைநீட்டிப் பணம் வாங்கவும் வேண்டும் என்ற நிலையில் உள்ள மனிதனுக்கு நம் மொழியில் ஒரு சொல் அமையவில்லை. பெயரில்லாத தொழிலைச் செய்பவன் பாடு எப்பொழுதும் திண்டாட்டந்தான். யானும் ஒருமுறை இத்தொழில் பார்த்தவன். அக்கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

"இவர்கள் உமக்கு யார்?" என்ற கேள்வியே வழித்துணைவரின் முதற் சங்கடம். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையைப் பாடஞ் சொன்ன ஆசிரியர்களுக்கு இஃது உடனே நினைவில் எழும். கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் செல்ல, உடன் சென்றவர் கவுந்தியடிகள். காவிரியைக் கடந்து ஒரு சோலையில் இளைப்பாறும்போது, வீண்பேச்சுக்காரர் இருவர் வந்து இவர்கள் யாரென்று வினவினர். அடிகள், என் மக்கள் என்றார். ஒருவயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாவதுண்டோ என்று அவர்கள் ஏளனஞ் செய்தனர். அடிகள் சபித்தார், இருவரும் நரிகளாயினர். கோவலனும் கண்ணகியும் இரங்கி வேண்டியபின்னரே சாபம் 12 மாத எல்லைக்குள் அடங்கியது. கவுந்தியடிகள் எவரிடமும் சம்பளம் வாங்கவில்லை. ஆகவே அவரால் உறவும் சொல்ல முடிந்தது, சாபமும் கொடுக்க முடிந்தது. கூலிக்கு வந்தவனோ உறவு சொன்னாற் பொய். உண்மையைச் சொன்னால் முதலாளியின் முகம் சுருங்கும். சாபங் கொடுப்பது ஒப்பந்தத்திலேயே இல்லை.

இத்தகையோரைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் ஐரோப்பிய இலக்கிய வரலாற்றில் ஏராளம். 18ஆம் நூற்றாண்டில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளைப் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் அழைத்துச் சென்ற ஆசிரியர்களுக்கு ஆங்கிலேயர் வைத்த பட்டப்பெயர் 'கரடி நடத்துவோர்' என்பதாகும். இக்கதைகளைப் படிக்குந்தோறும் எனக்கு ஒரு குறை தோன்றும். அவற்றிற் பெரும்பாலானவை பணங் கொடுத்தவர் பக்கத்திலிருந்தே சொல்லப்பட்டவை. நாமும் அவர் பக்கத்திலேயே நின்று சிரித்துவிடுகிறோம்.

பைரன் பிரபுவோடு 1816ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட வைத்தியர் ஜோன் பொலிடோரியின் கதையை எடுத்துக்கொள்வோம். எடின்பரோவில் 19 வயதிலேயே வைத்தியப் பட்டம் பெற்றவர்; புறப்படும்போது வயது 20. கவியாக வேண்டுமென்ற ஆசையும் அவருக்கு இருந்தது. பிரயாணத்தைப் பற்றி நாட்குறிப்பு எழுதினால் 500 பவுண் தருவதாகப் பைரனின் பதிப்பாளர் மறே வாக்களித்தார் என்பது பொலிடோரியின் குடும்பத்தார் வழிவந்த செய்தி. வைத்தியம் பார்க்க ஒருவரிடம் சம்பளம். அவரைப் பற்றி எழுத வேறொருவரிடம் பணம். இளைஞர் தலை சற்று நிமிர்ந்திருந்தாற் குற்றமென்ன?

வழியில் ஒருநாள் அவர் பைரனிடம், உம்மாற் செய்ய முடிந்து என்னாற் செய்ய முடியாதது யாது என்று கேட்டாராம். மூன்று உண்டு என்றார் பைரன். எதிரேயுள்ள ஆற்றை நீந்திக் கடப்பேன். 20 அடிவைப்புத் தூரத்திலிருந்து கைத்துப்பாக்கியால் மெழுகுதிரியை அணைப்பேன். ஒரே நாளில் 14,000 பிரதிகள் விற்ற கவிதையை எழுதியிருக்கிறேன். இந்த மறுமொழியைக் கேட்டு இருநூறு ஆண்டுகளாக உலகம் சிரித்துக்கொண்டிருக்கிறது. எனக்கோ அந்தக் கேள்வியைக் கேட்டவன்மீதே பரிவு தோன்றுகிறது. இரவும் பகலும் ஒரே வண்டியில், ஒரே விடுதியில், புகழ் முழுவதையும் தனக்கே வைத்துக்கொண்ட ஒருவரோடு இருக்கும் இளைஞன், 'நானும் ஒரு மனிதன் அல்லவா?' என்று கேட்க விரும்பினான். கேட்கத் தெரியாமற் கேட்டான், அவ்வளவே. ஜெனிவாவிற் பிரபுவோடு விருந்துகளுக்குச் செல்லும்போது, நிலவொளியில் மங்கிய நட்சத்திரம்போலத் தாம் எவர் கண்ணிலும் படாது போனதை அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார்.

இன்னொரு நிகழ்ச்சி. ஜெனிவா ஏரிக்கரையில் டியோடாற்றி என்னும் மாளிகையில் இருந்த காலம். மழையில் நனைந்த சரிவில் மேரி ஷெல்லி ஏறி வந்துகொண்டிருந்தார். பெண்களை மதிக்கும் கனவான் என்றால் இங்கிருந்து குதித்துச் சென்று கைகொடுக்க வேண்டாமா என்று பைரன் தூண்டினார். பொலிடோரி குதித்தார், ஈரத்திற் கால் வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. பைரன் தாமே அவரைத் தூக்கி உள்ளே கொண்டுவர உதவி, மாடியேறிச் சென்று தலையணையும் எடுத்து வந்தார். பைரனுக்கோ பிறவியிலேயே ஒரு கால் ஊனம். படியேறுவது அவருக்கு இலேசான காரியமன்று. அப்பொழுது பொலிடோரி சொன்ன நன்றி: உமக்கு இவ்வளவு இரக்கமுண்டென்று நான் நினைத்திருக்கவில்லை என்பது! இதுவும் வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் நண்பனுக்கு நண்பன் தலையணை கொண்டுவந்தால் எவரும் வியப்பதில்லை. முதலாளி கொண்டுவந்தாலன்றோ வியப்பு! அந்த ஒரு வாக்கியத்தில் வைத்தியர் தம் நிலையை முழுவதும் சொல்லிவிட்டார். செப்டெம்பரில் வேலை போயிற்று. அந்த மாளிகையிற் பேய்க்கதை எழுதும் போட்டியிலிருந்து பிறந்தவற்றுள் மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்ரைன் ஒன்று. பொலிடோரி எழுதிய இரத்தக்காட்டேறிக் கதையோ 1819இல் அச்சேறியபோது, அதன்மேற் பைரனின் பெயர் இருந்தது. சம்பளம் நின்று இரண்டரை ஆண்டுகளாகியும் நிழல் விடவில்லை. 1821இல், 25 வயதில், அவர் இறந்தார்.

தத்துவஞானி ஹொப்ஸும் இளமையிற் கவென்டிஷ் குடும்பத்து இளஞ்செல்வர் ஒருவருக்குத் துணையாயிருந்தவர். அச்செல்வர் கைவீசிச் செலவழிப்பவர். கடன் கேட்கவோ அவருக்கு வெட்கம். ஆகவே தெருத்தெருவாய் அலைந்து கடன் வாங்கும் பணி ஹொப்ஸுக்கு வாய்த்தது. கால் நனைந்து தடிமன் பிடித்ததும், இரு பாதணிகளும் ஒருபக்கமாய்த் தேய்ந்ததும் ஓப்ரி எழுதிய வரலாற்றுக் குறிப்பில் உள. அரசாட்சியின் தோற்றம் பற்றிப் பெருநூல் செய்த பேரறிஞரின் பாதணி, பிறர் கடனுக்காகத் தேய்ந்தது!

பெண்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மேரி உல்ஸ்டன்கிராப்ட் 1778இல், 19 வயதில், பாத் நகரில் ஒரு விதவைச் சீமாட்டிக்குக் கூலித் தோழியாக அமர்ந்தார். 1787இல் வெளியிட்ட பெண்கல்வி நூலில் இந்நிலையை அவர் விவரிக்கும் இடம் உண்டு. வேலைக்காரர் அவளை ஒற்றுக்காரி என்று ஒதுக்குவர்; வீட்டார் அவளுக்கு அவள் தாழ்வை நினைவூட்டிக்கொண்டே இருப்பர். சமையலறையிலும் இடமில்லை, கூடத்திலும் இடமில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டுச் சில அன்பர்கள், 'பணத்துக்கு நட்பை விற்பதே இழிவு. அதனால் வந்த வினை' என்பர். யான் உடன்படேன். இழிவு சம்பளத்தில் இல்லை. சம்பளத்தை மறைப்பதில் இருக்கிறது. இதற்குச் சான்று அடம் ஸ்மித். கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை 1764இல் துறந்து, பக்லூ என்னும் இளங்கோமகனுக்குத் துணையாசிரியராகப் பிரான்சுக்குச் சென்றார். நிபந்தனை தெளிவாக இருந்தது: ஆண்டுக்கு 300 பவுண், பணி முடிந்தபின் வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு 300 பவுண் ஓய்வூதியம். சங்கடங்கள் அவருக்கும் குறையவில்லை. துலூஸ் நகரில் கோமகனுக்குப் பிரெஞ்சுக்காரர் ஒருவரையேனும் தெரியாது. ஆசிரியருக்கோ பிரெஞ்சுப் பேச்சுச் சரளமாய் வராது. பொழுது போகாமல் ஒரு நூல் எழுதத் தொடங்கியிருப்பதாக நண்பர் ஹியூமுக்குக் கடிதம் எழுதினார். 1766இல் கோமகனின் இளைய சகோதரன் பாரிஸில் இறந்துபோக, பிரயாணம் துயரத்தில் முடிந்தது. ஆனால் இருவரிடையே நட்பு முறியவில்லை. 1778இல் சுங்க ஆணையாளர் பதவி கிடைத்தபோது, இனி ஓய்வூதியம் வேண்டாமென்றார் ஸ்மித். கோமகன் அதற்கு இசையவில்லை. கணக்குத் தெளிவாக இருந்த இடத்தில் அன்பு வளர்ந்தது. நம் வீடுகளில், 'அவர் எங்கட ஆள்தானே, கணக்கென்ன?' என்று சொல்லிச் சொல்லியே அன்பையும் கெடுக்கிறோம், கணக்கையும் கெடுக்கிறோம்.

இனி என் கதை. 2018இல், ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் கழிந்த நிலையில், எண்பதை அண்டிய ஒரு பெரியவருடன் தமிழ்நாட்டுத் தலயாத்திரைக்குப் போனேன். பிள்ளைகள் யாவரும் வெளிநாட்டில். மூத்த மகன் தொலைபேசியில், "மாஸ்ரர், அப்பாவோட ஒரு துணைக்குப் போட்டு வாங்கோ" என்றார். தொகையைப் பற்றி அவரும் தெளிவாகச் சொல்லவில்லை. கேட்க எனக்கும் நாணம். மேலே நான் செய்த உபதேசம் அனைத்தும் அந்த நாணத்தின் பலன் என்று வாசகர் கொள்ளலாம்.

மகன் தூரதேசத்திலிருந்தே புகைவண்டிச் சீட்டு எடுத்திருந்தார். சென்னையில் வண்டியேறும்போதுதான் தெரிந்தது, பெரியவருக்குக் குளிரூட்டிய பெட்டி. எனக்குச் சாதாரணப் படுக்கைப் பெட்டி. துணைக்குப் போனவன் ஓரிடம், துணை வேண்டியவர் வேறிடம். இரவு ஒன்பது மணி மாத்திரையோ என் பையில் இருக்கிறது. பெட்டி பெட்டியாய்க் கடந்து சென்றேன். சீட்டுப் பரிசோதகர் மறித்து என் சீட்டைப் பார்த்துவிட்டு, "இங்க உங்களுக்கு என்ன வேலை?" என்று அதட்டினார். "இதுதான் என் வேலை" என்றேன். அவர் நான் பரிகாசஞ் செய்வதாக எண்ணினார். மாத்திரையைத் திரைக்கு வெளியே நின்று நீட்டிவிட்டுத் திரும்பினேன்.

மதுரை விடுதியிற் பதிவேட்டை எழுதிய இளைஞர் என்னைச் சுட்டிப் பெரியவரிடம், "இவரு உங்களுக்கு என்ன வேணும் சார்?" என்றார். அந்த ஊரில் அதற்கு என்ன உறவு என்று பொருள். நம்மவருக்கோ காது மந்தம். "இவருக்கு ஒரு தேத்தண்ணி, சீனி குறைய" என்று கட்டளையிட்டார். இளைஞர் விழித்தார். உறவு என்ற இடம் வெறுமையாகவே இருந்தது. தேநீர் மட்டும் வந்தது.

பெரியவர் கதை சொல்வதில் வல்லவர். கதைகள் ஆறோ ஏழோதான். ஒரு மாட்டுவண்டிச் சவாரிக் கதையை நான்காம் முறை சொன்னபோதும் நான் உரிய இடத்திற் சிரித்தேன். அவர் சட்டென நிறுத்தி, "முந்தியும் கேட்டனீங்கள்தானே? பிறகேன் சிரிக்கிறியள்? சம்பளத்துக்கோ?" என்றார். என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. வகுப்பிலே நான் சொன்ன பழைய பகிடிகளுக்கு 30 ஆண்டுகள் சிரித்த மாணவர்களின் முகங்கள் வரிசையாய் எதிரே வந்தன. அன்று மாலை முழுவதும் இருவரும் பேசவில்லை.

பதினோராம் நாள் சிதம்பரம். அருச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார் தீட்சிதர். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோருடைய நட்சத்திரத்தையும் பெரியவர் பிசகாமல் ஒப்புவித்தார். பிறகு என்னைப் பார்த்து, "மாஸ்ரருக்கும் செய்யுங்கோ" என்றார். பெயர் என்ன என்றார் தீட்சிதர். பெரியவர் வாய் திறந்தார், மூடினார். அவர் எத்தனை மணிக்கு எந்த நிற மாத்திரை விழுங்குவார் என்பது எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் இருமுவார் என்பதும் தெரியும். என் பெயர் அவருக்குத் தெரியாது. "உங்கட பேர் என்ன?" என்று அவர் மெல்லக் கேட்டபோது, அவர் குரலில் இருந்த கூச்சம் என் கூச்சத்தினும் பெரிது. இத்தொழிலின் சங்கடம் ஒருவர்க்கு மாத்திரம் உரியதன்று என்பதை அன்று கண்டேன். பெயரைச் சொன்னேன்; நட்சத்திரம் அத்தம் என்றேன். "அட, என்ர மனுசியும் அத்தம்" என்றார். அதன்பின் மாட்டுவண்டிக் கதை வரவில்லை; மறைந்த மனைவியைப் பற்றிய கதைகள் வந்தன. அவற்றிற் பல சிரிக்கத்தக்கவை அல்ல; நானும் சிரிக்கவில்லை.

கட்டுநாயக்காவில் வந்திறங்கியதும், மகன் சொல்லியபடி ஓர் உறையை என்னிடம் கொடுத்தார். கொடுக்குமுன் நோட்டுகளை என் கண்முன்னே இருமுறை எண்ணினார். பின்பு, வாகனம் வரும்வரை குடிக்கத் தேநீர் வேண்டுமென்றார். அவரிடம் இலங்கைச் சில்லறை இல்லை. நான் வாங்கிக் கொடுத்தேன். தம் சிறு கொப்பியை எடுத்து, 'மாஸ்ரருக்குத் தேத்தண்ணிக் காசு' என்று எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். எழுதியதை நின்று பார்த்துவிட்டு, மாஸ்ரர் என்பதை வெட்டி, மேலே என் பெயரை எழுதினார். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.