தூக்குவது வேறு, தாங்குவது வேறு

காரை உயர்த்தும் கருவியைத் தமிழ்நாட்டுப் பட்டறைகள் ஜாக்கி என்கின்றன. கொல்கத்தாவில் அது ஜாக். ஆங்கிலத்தில் ஜாக் என்பது முதலில் ஆள்பெயர். பிறகு ஏவலாளைக் குறித்தது; அதன்பின் ஏவலாளின் வேலையைச் செய்யும் கருவிகளுக்கு ஆகிவந்தது. அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்ட நம் மொழிகளில், அக்கருவி எதைச் செய்யாது என்ற அறிவு மட்டும் உடன் வந்து சேரவில்லை. ஜாக்கி தூக்கும், தாங்காது. தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும்.

இது சொல்விளையாட்டு அன்று. சக்கரம் வைத்த தரை ஜாக்கி, அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியால் இயங்குகிறது. 1795இல் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற நீரழுத்தப் பொறியின் வழித்தோன்றல் அது. கைப்பிடியை அடிக்கும் ஒருவரின் வலு, ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள சிறிய காரின் ஒரு பக்கத்தை எளிதில் உயர்த்திவிடுகிறது. ஆனால் உயர்ந்த காரை அங்கேயே நிறுத்துபவை ஒரு வால்வும் சில ரப்பர் வளையங்களுமே. வளையம் கிழிந்தாலும் வால்வு தளர்ந்தாலும் எண்ணெய் திரும்பும், கார் இறங்கும். ஸ்டாண்டில் எண்ணெய் இல்லை. இரும்பு இரும்பின்மேல் நிற்கிறது.

தரையும் இதில் பங்குபெறுகிறது. ஜாக்கியின் கை நேர்க்கோட்டில் உயர்வதில்லை, வில்போல் வளைந்து உயர்கிறது. ஆகவே ஜாக்கி தன் சக்கரங்களில் சற்றே உருண்டாக வேண்டும். உருள இயலாத மண்ணிலோ உடைந்த தாரிலோ அதன் தலை காரின் அடியிலிருந்து நழுவும். கைப்பிரேக்கை மட்டும் நம்புவதும் பிழை. பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களையே பிடிக்கிறது. பின்பக்கத்தை உயர்த்தினால் அந்தப் பிடிப்புக்குப் பயனில்லை. அப்போது முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும்.

ஜாதவ்பூர் போன்ற பகுதிகளில் சாலையோரமே பல பட்டறைகளுக்குத் தளம். வண்டல் மண், மழைக்காலச் சேறு, கோடையில் இளகும் தார் ஆகியவற்றின்மேல் வேலை நடக்கிறது. ஸ்டாண்டின் கால்கள்கூட அங்கே புதையும்; அடியில் கனமான பலகை தேவை. பலகைக்கும் ஸ்டாண்டுக்கும் பதிலாகச் செங்கல் வருவதுதான் ஆபத்து. மரம் முறிவதற்குமுன் பெரும்பாலும் முனகும். செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

‘இருபது ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம்’ என்பது வழக்கமான மறுமொழி. அனுபவத்தை இகழ வேண்டியதில்லை. ஆயினும் அந்தச் சான்றைத் தருபவர்கள் பிழைத்தவர்கள் மட்டுமே. மேலும், வண்டிக்கு அடியில் படுப்பவர் பெரும்பாலும் அனுபவசாலியும் அல்லர். தொழில் பழக வந்த இளைஞர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மின்விசையுடன் 10 பேர், அஃதின்றி 20 பேர் என்று எல்லை வகுத்தது. மூவரும் நால்வரும் உழைக்கும் பட்டறை அதற்குள் வரவில்லை. சட்டம் எட்டாத இடத்தில் எஞ்சுவது எச்சரிக்கைத் தாள். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பெட்டியோடு எறியப்படுகிறது.

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேர் 1906இல் தோன்றிய தேசியக் கல்விக் கழகத்தில் உள்ளது. தொழிற்கல்வியும் தாய்மொழிவழிக் கல்வியும் அதன் நோக்கங்கள். இன்று அவ்வளாகத்தில் இயந்திரப் பொறியியல் துறையும் இருக்கிறது, மொழியியல் பள்ளியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, பட்டறையில் புழங்கும் வங்காளத்திலும் இந்தியிலும், படங்களோடு ஒரே ஒரு பக்கம் எழுதித் தரலாம். சமதளமான கெட்டித் தரை, சக்கரக் கட்டை, தயாரிப்பாளர் குறித்த தூக்குமிடம், இருபுறமும் ஸ்டாண்டு, அடியில் புகுமுன் காரை ஒருமுறை அசைத்துப் பார்த்தல்: இவ்வளவே அதன் உள்ளடக்கம். கலைச்சொல் அகராதிகளுக்கு ஆண்டுகளைச் செலவிடும் மொழிப்புலம் இந்த ஒரு பக்கத்தைச் சிறுபணி என்று ஒதுக்குமாயின், அது யாருக்காக ஆக்கப்படும் அறிவு என்ற கேள்வி எழும்.